போக்கராவின் வெள்ளை அந்துப்பூச்சி கண்ணைப் பறிக்கிறதா?

#1 மலையடிவாரம்

நேபாளத்தில், போக்கராவிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு நீர்மின் திட்டத்தில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மனைவியும் ஆறு வயது மகளும் இந்த ஆடியில்தான் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

ஒரு வாரமாக வராந்தா விளக்கைச் சுற்றி வெள்ளை வெளேரென்று அந்துப்பூச்சிகள். விடிந்து பார்த்தால் சுவரில் யாரோ சுண்ணாம்பை உதறிவிட்டுப் போனது போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேற்று மாலை மகள் அதில் ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக்கார அம்மாள் அதைப் பார்த்ததும் மாடியிலிருந்து ஓடிவந்து, அவள் கையைத் தட்டிவிட்டு, குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு வராந்தா விளக்கை அணைத்தார். 'சேதோ புதலி, சேதோ புதலி' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். வெள்ளைப் பட்டாம்பூச்சி என்று பொருள். அவருடைய தங்கை பேரனுக்கு நான்கு வயதில் ஒரு கண் போனதாம். இரண்டு நாளில் போய்விட்டதாம். வலிக்கிறது என்றுகூடப் பிள்ளை சொல்லவில்லையாம்.

பள்ளியிலிருந்தும் அதே அறிவுரை வந்திருக்கிறது: பூச்சியைத் தொடாதீர்கள், ஜன்னலைச் சாத்துங்கள். இது உண்மையா, அல்லது நம் ஊரில் பல்லி விழுந்த பலன் போன்றதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரவெல்லாம் தூங்கவில்லை.

#2 ஆச்சிவீட்டுப்பேரன்

என் ஆச்சியும் இதைத்தான் சொல்வாள். வண்ணத்துப்பூச்சியைப் பிடித்த கையால் கண்ணைத் தொட்டால் பார்வை போய்விடும் என்பாள். நாங்கள் நூற்றுக்கணக்கில் பிடித்தோம். எல்லோருக்கும் கண் நன்றாகத்தான் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டது கைப்பேசியால். நிம்மதியாகத் தூங்குங்கள் அண்ணா.

#3 கண்ணாடிச்சில்லு

தூங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவிலியர். உங்கள் வீட்டுக்கார அம்மாள் சொன்னது மூடநம்பிக்கை அல்ல. அந்த நோய்க்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது: ஷாபு. சீசனல் ஹைப்பர்அக்யூட் பேன்யுவைட்டிஸ் என்பதன் சுருக்கம். பருவத்தில் வருவது, மிக வேகமாக முற்றுவது, கண்ணின் நடுப்படலமான யுவியா முழுவதையும் தாக்குவது என்று மூன்றும் அந்தப் பெயரிலேயே அடங்கியிருக்கின்றன.

நேபாள மருத்துவர்கள் 1970களிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். டாக்டர் மதன் உபாத்யாயும் அவருடன் இருந்தவர்களும் விரிவாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும். ஒரு கண்ணில் மட்டும் வரும். மழைக்காலம் முடிந்து, செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள். அதிலும் விந்தை, ஓராண்டு விட்டு ஓராண்டு; ஆங்கில நாட்காட்டியின் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் பெருக்கெடுக்கும். இப்போது 2023 என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

என் தொழிலில் என்னை அச்சுறுத்துவது இதன் அமைதிதான். கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடித்தால் நோயாளி துடித்துப்போவார், வார்டே கேட்கும்படி அழுவார். ஷாபுவில் கண் சிவக்கும், பார்வை மங்கும், கண்ணின் பாப்பா வெளுத்துப்போகும், ஆனால் வலி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு கண் தெரியாவிட்டால் மற்றொரு கண்ணால் விளையாடிக்கொண்டிருக்கும். தாய் முகம் கழுவிவிடும்போதுதான் பாப்பா வெள்ளையாக இருப்பதைப் பார்ப்பாள். உள்ளே கண் அழுத்தமும் சரிந்துவிடும். கண் கல்லாக இறுகுவதற்குப் பதிலாகத் தொளதொளத்துப்போகும். சிகிச்சை தாமதமானால் கண் சூம்பிவிடும்.

பூச்சிதான் காரணமா என்பது வேறு கேள்வி. அது இன்னும் தீரவில்லை. நோய் உண்மை.

#4 சந்தேகப்பிராணி

அந்த 'வேறு கேள்வி'தான் என் கேள்வி. நான் புள்ளியியல் பாடம் நடத்துபவன், பூச்சியும் தெரியாது கண்ணும் தெரியாது.

இலையுதிர் காலத்தில் இந்தப் பூச்சி வருகிறது. இலையுதிர் காலத்தில் இந்த நோய் வருகிறது. சரி. அதே காலத்தில் நெல் அறுவடை வருகிறது, தசைன் பண்டிகை வருகிறது, ஊர் ஊராக ஊஞ்சல் கட்டுகிறார்கள், காற்றில் ஈரம் குறைகிறது. இவற்றில் எதை வேண்டுமானாலும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். பூச்சியை ஏற்றியதற்குக் காரணம் அது கண்ணுக்குத் தெரிவதுதான் என்றால் என்ன செய்வது?

இன்னொன்று. கண் போன பிள்ளையின் தாயிடம் 'பூச்சி பட்டதா' என்று கேட்டால், ஊரே பூச்சி என்று பேசும்போது அவள் யோசித்து யோசித்து ஒரு பூச்சியை நினைவுக்குக் கொண்டுவருவாள். நலமான பிள்ளையின் தாய் 'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். இருவருக்கும் பட்ட பூச்சி ஒரே எண்ணிக்கையாகவே இருந்தாலும் ஏட்டில் வேறுபாடு தெரியும்.

#5 விட்டில்விளக்கு

வால்பாறையில் வெள்ளைத் துணி கட்டி, விளக்கு வைத்து, இரவில் அந்துப்பூச்சி பார்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன். மலையடிவாரம் தனிமடலில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கசாலினா என்னும் பேரினம். நேபாளத்தில் இதில் மூன்று இனங்களைச் சொல்வார்கள்: கிரைசோலோஃபா, அப்சரா, டிரான்ஸ்வெர்சா. அப்சரா நம்முடைய அப்ஸரஸ்தான். 19ஆம் நூற்றாண்டில் பெயரிட்ட மூர் என்ற ஆங்கிலேயருக்குச் சமஸ்கிருதப் பெயர்களில் ஒரு மோகம். கிரைசோலோஃபா என்றால் கிரேக்கத்தில் பொற்கொண்டை.

வெறும் வெள்ளைப் பூச்சி என்று இதை ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதன் குடும்பம். தெற்கு ஐரோப்பாவில் பைன் மரங்களில் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்வலம் போகும் கம்பளிப்பூச்சிகள் உண்டு. அவற்றின் நெருங்கிய உறவினர் இது. அந்த ஊர்வலப் புழுவின் உடலில் கண்ணுக்குத் தெரியாத முள்ரோமங்கள் லட்சக்கணக்கில் இருக்கும். காற்றில் பறக்கும். தோலில் பட்டால் தடிக்கும், நாய் முகர்ந்தால் நாக்கு அழுகும். ஓக் மரத்தில் வாழும் இன்னொரு வகை 2006இல் லண்டனுக்குள் நுழைந்ததிலிருந்து, பூங்காக்களில் அதன் கூடுகளை அகற்றவே தனி ஆட்கள் வேலை செய்கிறார்கள்.

கசாலினாவின் புழு உதிஸ் என்று நேபாளிகள் சொல்லும் ஆல்டர் மர இலையைத் தின்னும். தாய்ப்பூச்சி முட்டையிட்டதும் தன் வயிற்று நுனியிலிருக்கும் ரோமக் கற்றையை உதிர்த்து அதை மூடிவைக்கும். வளர்ந்த பூச்சிக்கும் உதிரும் ரோமம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். 'புழுதானே அரிக்கும், பறக்கும் பூச்சி என்ன செய்யும்' என்று கேட்பவர்கள் வெனிசுவேலாவின் கரிப்பித்தோ துறைமுகக் கதையைப் படிக்க வேண்டும். ஹைலீசியா என்ற அந்துப்பூச்சி விளக்கொளிக்கு வந்து மோதி ரோமத்தை உதிர்க்க, கப்பல் மாலுமிகள் உடம்பெல்லாம் சொறிந்தபடி ஊர் திரும்பினார்கள். நோய்க்கே கரிப்பித்தோ அரிப்பு என்று பெயர் வந்துவிட்டது.

#6 சந்தேகப்பிராணி

அருமையான குடும்ப வரலாறு. ஆனால் மாமன் திருடன் என்பதற்காக மருமகனைச் சிறையில் போட முடியாது.

கண்ணாடிச்சில்லு அம்மாவிடம் ஒரு கேள்வி. பூச்சி ரோமம் கண்ணில் குத்தினால் என்ன ஆகும் என்பது உலகெங்கும் தெரிந்ததுதானே? அங்கெல்லாம் இரண்டு நாளில் கண் போகிறதா?

#7 முருங்கையடி

அதற்கு நான் பதில் சொல்கிறேன், என் கண்ணே சாட்சி. எட்டு ஆண்டுகளுக்கு முன் வீட்டு முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டிருந்தது. அண்ணாந்து பார்த்துத் துடைப்பத்தால் தட்டினேன். பொறி பறந்தது போல இருந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் கண் திறக்க முடியவில்லை. மருத்துவர் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதினேழு ரோமம் என்றார். பதினான்கை அன்றே எடுத்தார். மற்றவை ஆழத்தில் இருக்கின்றன, தோண்டினால் சேதம் அதிகம், பார்த்துக்கொள்வோம் என்றார். இரண்டு ஆண்டுகள் வரை அவ்வப்போது சிவக்கும், சொட்டு மருந்து, அடங்கும், மீண்டும் சிவக்கும். கண்ணில் மணி மணியாகத் திரண்டது. இப்போது ஓய்ந்துவிட்டது. பார்வை இருக்கிறது.

எனக்கு வலித்த வலியை எழுத்தில் சொல்ல முடியாது. வலியே இல்லை என்று அவர்கள் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை.

#8 கண்ணாடிச்சில்லு

முருங்கையடி ஐயா, உங்களுக்கு வந்ததன் பெயர் ஆஃப்தால்மியா நோடோசா. அந்த மணிகளால் வந்த பெயர். ரோமத்தில் நுண்ணிய முட்கள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். நெற்கதிரின் சுணையைச் சட்டைக்குள் போட்டால் மேலே மேலே ஏறுமே, அது போல. கண் அசைய அசைய உள்ளே போகும், வெளியே வராது. விழித்திரை வரை போனதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்.

ஆகவே சந்தேகப்பிராணி கேட்டது நியாயம். ரோமம் மட்டும் என்றால் இந்த வேகமும் இந்த அமைதியும் பொருந்தவில்லை. அதே சமயம் ஒன்றை மறைக்கக் கூடாது: ஷாபு வந்த சிலருடைய கண்ணிலிருந்து பூச்சி ரோமம் எடுக்கப்பட்டிருக்கிறது. எல்லோருடைய கண்ணிலும் அல்ல. பூச்சியே படவில்லை என்று உறுதியாகச் சொன்ன நோயாளிகளும் உண்டு. நோயுற்றவர்களையும் நலமானவர்களையும் ஒப்பிட்டபோது, நோயுற்றவர்களிடம் பூச்சித் தொடர்பு அதிகமாக இருந்தது. நினைவுக் கோளாறு இருக்கலாம் என்ற உங்கள் வாதத்தை அதற்கு எதிராக வைத்துக்கொள்ளுங்கள்.

கிருமிப் பக்கம் பார்த்தால் அங்கேயும் ஒரு முகம் தெரியவில்லை. ஒருவர் கண்ணில் நிமோகாக்கஸ், இன்னொருவர் கண்ணில் அசினெட்டோபாக்டர், சிலருக்கு வைரஸின் தடம், பலருக்கு ஒன்றுமே வளரவில்லை.

#9 தீப்பந்தம்

இவ்வளவு பேச்சு எதற்கு? மரத்தோடு கொளுத்திவிட வேண்டியதுதானே!

#10 விட்டில்விளக்கு

கொளுத்தினால் ரோமம் புகையோடு எழும்பி ஊர் முழுவதற்கும் போய்ச் சேரும். ஐரோப்பாவில் அந்தத் தவற்றைச் செய்து பார்த்துவிட்டார்கள். மேலும் உதிஸ் மரம் மலைச்சரிவின் மண்ணைப் பிடித்துவைத்திருப்பது. பூச்சிக்குப் பயந்து மரத்தை வெட்டினால் அடுத்த மழையில் வீடே கீழே வந்துவிடும். மலையடிவாரத்தின் அணைக்கும் அது நல்லதல்ல.

#11 லாடம்

இழையை இன்றுதான் பார்த்தேன். நான் கால்நடை மருத்துவர், பெரும்பாலும் குதிரைகள். கண்ணுக்கும் எனக்கும் தொடர்பில்லை, ஆனால் நீங்கள் எல்லோரும் ரோமமா கிருமியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்ததும் கை அரிக்கிறது.

2001இல் அமெரிக்காவின் கென்டக்கியில் சினைக் குதிரைகள் கொத்துக் கொத்தாகக் கருக்கலைந்தன. ஆயிரக்கணக்கான குட்டிகள் போயின. உலகின் விலையுயர்ந்த பந்தயக் குதிரைகள் பிறக்கும் பூமி அது. விஷப்புல் என்றார்கள், பூஞ்சை என்றார்கள், பனி என்றார்கள். கடைசியில் அந்த ஆண்டு மேய்ச்சல் நிலத்தில் பெருகியிருந்த கூடாரக் கம்பளிப்பூச்சியில் வந்து நின்றது. 2004இல் ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கிலும் அதே போன்ற கருச்சிதைவு. அங்கே பூச்சி ஓக்ரோகாஸ்டர் லூனிஃபர். ஊர்வலப் புழுதான். விட்டில்விளக்கு சொன்ன அதே குடும்பத்துக் கிளை.

எங்களைக் குழப்பியது என்ன தெரியுமா? கலைந்த கருவில் கிருமி இருந்தது. ஆனால் ஒரே கிருமி இல்லை. ஒவ்வொரு குதிரையிலும் ஒவ்வொன்று, எல்லாம் மண்ணிலும் சாணத்திலும் சாதாரணமாகக் கிடப்பவை. 'பலவகைக் கிருமி என்றால் கிருமி காரணமே அல்ல' என்று ஒரு கூட்டம். 'பூச்சியில் நஞ்சு எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே பூச்சி காரணமல்ல' என்று இன்னொரு கூட்டம். சினைக் குதிரைக்குப் புழுவின் உரித்த தோலைத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். கரு கலைந்தது. புல்லோடு உள்ளே போன ரோமத் துண்டு குடலைத் துளைக்கிறது, துளைத்த இடத்தில் இருந்த கிருமி எதுவோ அது ரத்தத்தில் ஏறிவிடுகிறது என்பதுதான் விளக்கம். எந்தக் கிருமி என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

ஆக, ரோமம் ஊசி, கிருமி நூல். ஊசியை மட்டும் தேடியவர்களும் நூலை மட்டும் தேடியவர்களும் ஏமாந்தார்கள். உங்கள் நேபாள நோயில் பலவகைக் கிருமி கிடைப்பதைப் பார்த்து நான் குழம்பவில்லை; எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றியது. குதிரைக் குடலில் நடந்தது குழந்தையின் கண்ணிலும் நடக்கிறது என்று நான் சத்தியம் செய்யவில்லை.

#12 கண்ணாடிச்சில்லு

லாடம் ஐயா, மதிய உணவு இடைவேளையில் படித்துவிட்டுச் சாப்பாட்டை மறந்தேன். எங்கள் விழித்திரை மருத்துவரிடம் காட்டினேன். 'ஊசி குத்திவிட்டு வெளியே போயிருக்கலாம், நாம் தேடும்போது நூல் மட்டும் கிடைக்கும்' என்றார். ரோமம் கிடைக்காத நோயாளிகளுக்கு அது ஒரு விளக்கம். உடனே அவரே, 'கிருமி ஏறியிருந்தால் வலிக்க வேண்டுமே' என்று தன் வாதத்தைத் தானே கவிழ்த்துவிட்டுப் போனார். கண் அழுத்தம் சரிவதற்கும் இந்த ஊசி நூல் கணக்கில் இடம் இல்லை என்றார்.

#13 சந்தேகப்பிராணி

லாடத்துக்கு வணக்கம். எனக்குப் பாதிதான் ஒப்புதல், ஆனால் போன வாரம் அந்தப் பாதியும் இல்லை.

மீதிப் பாதி இதுதான். ஏன் ஒற்றைப்படை ஆண்டு? நேபாளிகள் பின்பற்றும் விக்ரம் சம்வத்தில் இது 2080, இரட்டைப்படை. அவர்கள் நாட்காட்டியைப் பார்த்து நோயும் வரவில்லை, நம் நாட்காட்டியைப் பார்த்தும் வரவில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை துடிக்கும் ஏதோ ஒன்று அந்த மலையில் இருக்கிறது. கிருமி அப்படித் துடிக்குமா?

#14 விட்டில்விளக்கு

கிருமி துடிக்குமா என்று தெரியாது, பூச்சி துடிக்கும். சுவீடனின் காத்லாந்து தீவில் ஊர்வலப் புழுவின் வடக்கு இனம் ஒன்று இருக்கிறது. குளிர் அதிகம், கோடை குறைவு, ஓராண்டில் வளர்ந்து முடிக்க அதற்கு நாள் போதாது. முட்டையிலிருந்து பூச்சியாவதற்கு இரண்டு ஆண்டு எடுத்துக்கொள்கிறது. அதனால் அந்தத் தீவு மக்கள் ஓராண்டு சொறிவார்கள், மறு ஆண்டு நிம்மதியாக இருப்பார்கள். ஒரே குடும்பம், ஒரே தாளம். நேபாள மலைகளில் கசாலினாவும் அப்படித்தான் என்று நான் முடிவு கட்டவில்லை. ஆனால் இரண்டாண்டுத் தாளம் பூச்சிக்கு இயல்பானது.

#15 சந்தேகப்பிராணி

அப்படியானால் சோதனை எளிது. அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் பூச்சி குறைய வேண்டும். பூச்சி இதே அளவு வந்து நோய் வராவிட்டால் உங்கள் ஊசி முறிந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஒற்றைப்படை ஆண்டில் பயத்தில் எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள். இரட்டைப்படை ஆண்டில் யார் பார்க்கிறார்கள்?

#16 மலையடிவாரம்

எல்லோருக்கும் நன்றி. பதிலே எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் திஹார் தொடங்குகிறது, நம் தீபாவளிதான். ஊர் முழுவதும் வாசலில் விளக்கு வரிசை. பூச்சிக் காலத்தில் விளக்குத் திருவிழா! வீட்டுக்கார அம்மாளிடம் கேட்டேன். லட்சுமி இருட்டில் வரமாட்டாள், விளக்கு ஏற்றத்தான் வேண்டும், பிள்ளை உள்ளே இருக்கட்டும் என்றார். மகள் பட்டாசு இல்லை என்பதற்கே அழுதவள். இப்போது வாசலும் இல்லை.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும், நான் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அம்மா.

#17 கண்ணாடிச்சில்லு

தம்பி, வாசலில் அகல் எரியட்டும், ஆனால் வராந்தாவின் வெள்ளை மின்விளக்கை அணைத்துவிடுங்கள். அகலுக்கு வரும் பூச்சி குறைவு. கொசுவலை கட்டாமல் பிள்ளையைத் தூங்க வைக்காதீர்கள். இரவில் வெளியே காயும் துணியை உதறாமல் உள்ளே எடுக்காதீர்கள், உதறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். சுவரில் இருப்பதைத் துடைப்பத்தால் தட்ட வேண்டாம், முருங்கையடி ஐயாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு.

தினமும் காலையில் வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டு கண்ணையும் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி, சுவர் நாட்காட்டியில் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். விளையாட்டாகச் செய்யலாம். சிவந்திருந்தாலோ, ஒரு கண்ணில் மங்கல் என்றாலோ, பாப்பா வெளுத்தாலோ, வலிக்கவில்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். வலி இல்லாததால்தான் ஓட வேண்டும். அன்றே போக்கராவில் விழித்திரை மருத்துவர் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றி இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. கண்ணுக்குள் ஊசி வழியாக மருந்து செலுத்துவார்கள், தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் கூழ்த் திரவத்தையே வெட்டி எடுப்பார்கள். விட்ரெக்டமி என்பார்கள். முதல் சில நாட்களில் செய்தால் பார்வை மீண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வாரம் கடந்தால் கடினம்.

வெள்ளைப் பாப்பா வேறு நோய்களாலும் வரலாம், கண்ணில் வரும் புற்றுநோய் உட்பட. எதுவாக இருந்தாலும் அதே நாளில் காட்ட வேண்டியதுதான். ஆகவே காரணம் தெரியாதது உங்களுக்குத் தடையே அல்ல.

#18 ஆச்சிவீட்டுப்பேரன்

முதலில் நான் எழுதியதை அழிக்க முயன்றேன், முடியவில்லை. மன்னியுங்கள். ஆச்சியிடம் தொலைபேசியில் சொன்னேன். 'நான் சொன்னபோது கேட்டாயா' என்றாள்.

#19 மலையடிவாரம்

மூன்று வாரம் ஆகிவிட்டது. மகள் நலம். பூச்சி குறைந்துவிட்டது, நேற்றுச் சுவரில் நான்குதான். நாட்காட்டி விளையாட்டு அவளுக்குப் பிடித்துப்போய், இப்போது என் கண்ணையும் வீட்டுக்கார அம்மாளின் கண்ணையும் பொத்திப் படிக்கச் சொல்கிறாள். அம்மாளுக்கு வலது கண்ணில் புரை இருப்பது அதில்தான் தெரியவந்தது. அடுத்த வாரம் அழைத்துப்போகிறேன்.

சந்தேகப்பிராணிக்கு: வராந்தாவின் கிழக்குச் சுவரில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். 2024 புரட்டாசியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கும் அரை மணி நேரம் விளக்கைப் போட்டு, ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து படம் எடுப்பேன். ஒப்பந்தம் 2025 கடைசி வரை இருக்கிறது, ஆக இரண்டு பருவம் கிடைக்கும்.

#20 சந்தேகப்பிராணி

ஒரே விளக்கு, ஒரே வாட்ஸ், ஒரே நேரம். நிலா வெளிச்ச நாளையும் குறித்துவையுங்கள். பூச்சி ஒன்றுகூட வராத சனிக்கிழமையிலும் படம் எடுக்க வேண்டும்.

#21 மலையடிவாரம்

சுழியம் என்று எழுதிவைப்பேன்.